எதிர்முள் நசுக்குகிறவர்

லிஃப்ட்காரருக்கு அவருடைய கம்பெனியில் வைத்திருந்த பெயர் ‘இன்னொருதடவை’. கேபிளைப் பார்த்தாயிற்று, பிரேக்கைப் பார்த்தாயிற்று, கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா என்றும் பார்த்தாயிற்று. கூட வந்தவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அப்போதுதான் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாமே” என்பார். அவர்கள் பையைக் கீழே போடுகிற சத்தத்திலேயே மனசில் இருப்பது தெரிந்துவிடும். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் கைபட்ட லிஃப்டில் ஏறி யாரும் நடுவழியில் மாட்டிக்கொண்டது கிடையாது. பட்டப்பெயர் வைத்த அதே ஆட்கள், தங்கள் கட்டடத்து லிஃப்ட் லேசாக முனகினாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

வீட்டிலும் இதே கூத்துதான். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். “நீங்க இழுக்கிற இழுப்புல அந்தக் கதவு ஒரு நாள் கையோட வரப்போகுது. அப்ப எதைப் பூட்டுவீங்க?” என்று மனைவி கேட்பாள். அவள் ஒரு துணிக்கடையில் சட்டைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள். எதையும் பளிச்சென்று முடித்து மடித்து வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும் பெண். இப்படி ஒரு மனுஷனோடு அவள் குடும்பம் நடத்தியதற்குத் தனியாக ஒரு மெடல் கொடுக்கலாம்.

ரத்தக்கொதிப்பு வந்தபோது டாக்டர், “திறந்த வெளியில ஏதாவது பண்ணுங்க. கவலைப்பட ஒண்ணுமே இல்லாத காரியமா எடுத்துக்குங்க” என்றார். முதலில் தொட்டியில் செடி வைத்தார். விதை முளைக்கிறதா என்று தினமும் தோண்டித் தோண்டிப் பார்த்ததில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அப்புறம்தான் தூண்டில். கூட வேலை பார்த்த வெல்டர் ஒரு விடுமுறை நாளில் ஊருக்கு வெளியே, பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனார். அங்கே யாரும் புழு கோப்பதில்லை. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரி ஒன்றைச் செய்துவைத்திருந்தார்கள். கனத்த கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, அந்தப் பொய் ஈயை நிஜ ஈ உட்காருவதுபோல் தண்ணீர்மேல் உட்கார வைக்க வேண்டும். மீன் ஏமாந்து கவ்வும். பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று கரையில் போர்டு இருந்தது. பிடிப்பது, பார்ப்பது, விடுவது, அவ்வளவுதான். இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று வெல்டர் நினைத்தார். பாவம், அவருக்கு நம்ம ஆளைச் சரியாகத் தெரியாது.

கொக்கியின் நுனிக்குக் கொஞ்சம் உள்ளே, பின்பக்கமாகச் சாய்ந்த குட்டி முள் ஒன்று உண்டு. எதிர்முள் என்பார்கள். குத்தியது திரும்பி வராமல் இருக்கத்தான் அது. லிஃப்ட்காரர் பிடித்த முதல் மீனின் வாயில் அந்த எதிர்முள் வசமாக மாட்டிக்கொண்டது. இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், மீன் கையில் கிடந்து துடித்தது, அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒருவழியாகப் பிடுங்கியபோது வாய் கிழிந்து ரத்தம் வந்தது. தண்ணீரில் விட்டதும் மீன் ஒருக்களித்தபடியே உள்ளே போயிற்று. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் சீக்கிரமே கிளம்பியவரை மனைவி வாசலில் மறித்தாள்.

“எங்க கிளம்பிட்டீங்க இவ்வளவு சீக்கிரம்?”

“ஆத்துப் பக்கம் ஒரு எட்டு போயிட்டு, அப்படியே வேலைக்குப் போறேன்.”

“எதுக்கு? அந்த மீனுக்கு இப்ப உடம்பு எப்படியிருக்குன்னு விசாரிக்கவா?”

விசாரிக்கத்தான் போனார். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

தூண்டிலைப் பரண்மேல் போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாளில் அதே கொக்கி அவருடைய கட்டை விரலில் ஏறியது. கிளினிக்கில் இருந்த நர்ஸ் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, தோலைக் கொஞ்சம் கீறித்தான் எடுத்தார்கள். வெளியே வந்த கொக்கியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இவ்வளவு பாட்டுக்கும் காரணம் அந்தத் துளியூண்டு எதிர்முள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பிளையரை எடுத்து அதை நறுக்கென்று நசுக்கினார். அப்புறம் டப்பாவில் இருந்த எல்லாவற்றையும் நசுக்கினார்.

அன்றிலிருந்து ஆறு அவருக்கு வேறு ஆறாகிவிட்டது. மீன் கவ்வினால் கயிற்றைத் தளர விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கழன்றுகொள்ளும். அது உண்மைதான். சில மீன்கள் அப்படி அவரை ஏமாற்றிவிட்டுப் போகத்தான் செய்தன. போனால் போகட்டும் என்று விட்டார். எப்படியும் விடப்போகிற மீன்தானே, கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிட்டது. பக்கத்தில் வந்த மீனை அவர் தண்ணீரிலிருந்து தூக்குவதுகூட இல்லை. குனிந்து கொக்கியை மட்டும் பிடித்து லேசாகத் திருப்புவார். மீன் வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வந்த வேலை முடிந்தாற்போல் போய்விடும். ரத்தமும் இல்லை, துடிப்பும் இல்லை, மறுநாள் போய் விசாரிக்க வேண்டியதும் இல்லை. கொக்கி தொப்பியில் மாட்டினாலும் வலையில் மாட்டினாலும் கத்தரிக்கோல் தேட வேண்டாம். உலகத்தில் இன்னொரு தடவை பார்க்கத் தேவையில்லாத விஷயம் ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

நசுக்கியதும் ஒரே ஒரு தடவை மட்டும் கட்டாயம் பார்ப்பார். நசுக்கிய கொக்கியைச் சட்டைக் கையின் நுனியில் குத்தி இழுப்பார். நூலைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. இதனால் அவருடைய சட்டைக் கைகள் எல்லாம் சல்லடையாகிவிட்டன. சட்டை விற்கிற பெண்ணின் புருஷனுக்கு இது அழகா என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்படியே நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது.

மகள் ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டில்களின் லேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவள். தனக்கும் அப்பாவின் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அவளுக்கு ஒரு நினைப்பு. கூட வேலை பார்க்கிற பையனைப் பிடித்துப்போய் இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டாள். பையன் வீட்டுக்கு இவர்கள் மூன்று பேரும் போனார்கள். வீடு மாற்றிக் கொடுக்கிற வேன் கம்பெனி நடத்துகிறவர் பையனின் அப்பா. பீரோவோ பியானோவோ, “தூக்குடா, பாத்துக்கலாம்” என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த குரல். அவர் சிரித்தால் அலமாரியில் இருக்கிற தம்ளர்கள் கூடச் சேர்ந்து சிரிக்கும். உட்காருவதற்கு முன்பே “வாங்க சம்பந்தி!” என்று லிஃப்ட்காரரின் முதுகில் ஒன்று வைத்தார்.

லிஃப்ட்காரர் கை கழுவச் சமையலறைக்குப் போனார். போனவர் கை கழுவிவிட்டு வந்திருக்கலாம். அடுப்புக்குக் கீழே குனிந்து பார்த்தார். ஹாலுக்கு வந்து, எல்லாரும் கல்யாணத் தேதியைப் பற்றிப் பேச வாயெடுத்த நேரத்தில், “தப்பா நினைக்காதீங்க, உங்க கேஸ் ட்யூப்ல வெடிப்பு இருக்கு” என்றார்.

சம்பந்தி தொடையைத் தட்டிச் சிரித்தார். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. மகளின் பக்கம் திரும்பி, “உங்க அப்பா எப்பவுமே இப்படித்தானாம்மா?” என்று கேட்டாள். மகளின் முகம் சுருங்கிப்போனதை லிஃப்ட்காரர் பார்த்தார். தேதிப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. “அடுத்த ஞாயித்துக்கிழமை சாவகாசமாப் பேசலாம்” என்று சம்பந்தி சொல்லிவிட்டார்.

எங்கே உட்கார்ந்து பேசுவது என்ற பேச்சில், இரண்டு அப்பாக்களும் ஒரே ஆற்றில் ஒரே மாதிரி தூண்டில் போடுகிறவர்கள் என்பது தெரியவந்தது. சம்பந்திக்கு ஒரே குஷி. உள்ளே போய் ஒரு குட்டி டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு பொய் ஈ, பழுப்பு இறகும் சிவப்பு நூலுமாய், நிஜமாகவே அழகாக இருந்தது.

“நானே கட்டினது. ஞாயித்துக்கிழமை இதைத்தான் நீங்க போடணும். நீங்க எதிர்முள்ளை நசுக்கிடுவீங்களாமே, பையன் சொன்னான். மீன் வந்ததும் கதவைத் திறந்து விடுற மாதிரில்ல அது! இதை நசுக்கிடாதீங்க சம்பந்தி. அப்படியே போடுங்க.”

அந்த டப்பா ஒரு வாரம் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. லிஃப்ட்காரர் வேலைக்குப் போகும்போது அதைத் திறந்து பார்ப்பார், வந்ததும் திறந்து பார்ப்பார். ஒரு சாயங்காலம் பிளையரைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றே விட்டார். அப்புறம் பிளையரை மேஜை டிராயரில் போட்டார். திரும்பினால் மகள் நின்றிருந்தாள்.

“அப்பா, ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும். எதையும் செக் பண்ணாதீங்கப்பா. ப்ளீஸ்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கெஞ்சினாள். தன் மகள் தன்னை நினைத்துக் கூச்சப்படுகிறாள் என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. “சரி பாப்பா” என்றார்.  தன்னால் அவள் கல்யாணம் கெட்டுவிடக் கூடாது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி கடையிலிருந்து புதுச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். “இதுல ஒரு ஓட்டை விழுந்துது, அப்புறம் இருக்கு உங்களுக்கு.” அவர் போட்டுக்கொண்டார். கதவைப் பூட்டினார், இழுத்துப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார். மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் கீய்ச்சல் இருக்கிறதோ என்று. மகள் மட்டும் கொஞ்சம் பின்தங்கி, கடைசியாக வந்து காரில் ஏறி, ஈ இருந்த டப்பாவை அவரிடம் நீட்டினாள்.

ஆற்றங்கரையில் நல்ல வெயில். மரத்தடியில் அம்மாக்கள் இருவரும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையும் மகளும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். லிஃப்ட்காரர் தண்ணீர் ஓரத்துக் கற்களில் நின்று, டப்பாவைத் திறந்து, ஈயைக் கயிற்றின் நுனியில் கட்டினார். பார்த்தால் கை சும்மா இருக்காது என்று, கண்ணை மூடாத குறையாகத்தான் முடிச்சுப் போட்டார். வழக்கமாக ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் பின்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். அதற்கும் ஆற்றில் எல்லாரும் அவரைக் கிண்டல் பண்ணியதுண்டு. இன்றைக்கு அதையும் விட்டார். செக் பண்ணக் கூடாதென்றால் பண்ணக் கூடாது.

கயிறு பின்னால் போயிற்று. முன்னால் வரவில்லை. “ஐயோ!” என்று ஒரு சத்தம் வந்தது.

அவரிடம் ஏதோ ஜோக் சொல்லலாம் என்று சம்பந்தி சத்தமில்லாமல் பின்னால் வந்திருக்கிறார். கண்ணுக்குக் கீழே, கன்னத்து மேட்டில், அவர் கட்டிய அதே பழுப்பு ஈ ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஒரு ஐயோவுக்கு அப்புறம் அவர் பேசவே இல்லை. வாய் ஓயாத மனுஷன் பேசாமல் நின்றதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். தூண்டில் கம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து சம்பந்தியின் முகத்தைப் பிடித்துப் பார்த்தார். கண்ணில் படவில்லை. ஆனால் கொக்கி உள்ளே ஏறியிருந்தது. எதிர்முள்ளோடு ஏறியிருந்தது. இழுத்தால் என்ன ஆகும் என்று அவருடைய கட்டை விரலுக்குத் தெரியும். அந்த மீன் ஒருக்களித்தபடி போனது ஞாபகம் வந்தது. வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செய்தேனே, ஒரே ஒரு நாள் பார்க்காமல் இருந்தேன், அந்த ஒரு நாளில் மகளுக்கு மாமனாராக வரவேண்டியவரின் கண்ணுக்கே குறி வைத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்! வண்டியை எடுடா!” என்று சம்பந்தியம்மா மகனிடம் கத்தினாள். லிஃப்ட்காரரின் மனைவி, தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

“அப்பா, எடுத்துடுங்க. வந்துடும்” என்றாள் மகள்.

“எதிர்முள் இருக்கும்மா. கன்னம் கிழிஞ்சிடும்.”

“கிழியாதுப்பா.”

“உனக்குத் தெரியாது பாப்பா, நான் அதை நசுக்கவே இல்ல…”

“அப்பா.” அவள் அவர் தோளைத் தொட்டாள். “நான் சொல்றேன்ல. எடுங்க.”

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. லிஃப்ட்காரர் ஒரு கையால் சம்பந்தியின் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார், இன்னொரு கையால் ஈயைப் பிடித்தார்.  போன வழியாகவே பின்னால் இழுத்தார்.

வந்துவிட்டது. துணியில் குத்தி வைத்த குண்டூசி வருகிற மாதிரி, அலட்டிக்கொள்ளாமல் வந்துவிட்டது. கன்னத்தில் கடுகளவு ரத்தப் பொட்டு, அவ்வளவுதான்.

“எடுத்தாச்சா?” என்றார் சம்பந்தி, கண்ணை இறுக மூடியபடி.

“எடுத்தாச்சு.”

“எப்ப?”

லிஃப்ட்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் புதுச் சட்டையைக்கூடப் பார்க்காமல் தண்ணீர் ஓரத்திலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. யார் பார்த்தால் என்ன என்று இரண்டையும் விட்டார். சம்பந்தியம்மா புருஷனின் கன்னத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அங்கே துடைக்க ஒன்றுமில்லை.

சம்பந்தி ஈயை வாங்கிக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தார். எதிர்முள் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது. “நசுக்காதீங்கன்னு சொன்னேனே சம்பந்தி!” என்றார். திட்டுகிறாரா கும்பிடுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத குரல்.

“சத்தியமா நான் தொடலைங்க” என்றார் லிஃப்ட்காரர். சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார்.

மகள் தன் சட்டைக் கையின் நுனியைத் திருப்பிக் காட்டினாள். துணியில் ஒரு குட்டி ஓட்டை இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது.

“காலையில நீங்கல்லாம் காருக்குப் போனப்ப பண்ணினேன்” என்றாள்.

“நீதானேம்மா எதையும் செக் பண்ணாதீங்கன்னு சொன்ன?”

“ஆமா. நீங்க பண்ணக் கூடாதுன்னா, அப்ப வேற யாராவது பண்ணணும்ல?” என்றாள் மகள். பிறகு திருப்பிய சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “பண்ணாம விட எனக்குத் தைரியம் வரலப்பா.”

லிஃப்ட்காரர் உட்கார்ந்தபடியே அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கி வந்தபோது வந்த நிம்மதி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இதுதான் நிம்மதி. ஒரு வாரமாக நெஞ்சில் தைத்திருந்தது, இப்போது வலிக்காமல் கழன்றுகொண்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“எப்பவுமே இப்படித்தானான்னு நான் அன்னிக்குக் கேட்டேன்” என்றாள் சம்பந்தியம்மா, பாயின் ஓரத்தை நீவியபடி. “மறுநாள் ட்யூபை மாத்த வந்த ஆள், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வீடே போயிருக்கும்னான். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். அடுத்த மாசமே கல்யாணத்தை வச்சுக்கலாங்க. இந்தப் பொண்ணு எங்க வீட்டுல இருக்கிறது எங்களுக்குத்தான் நல்லது.”

“அப்ப எனக்குச் சட்டைதான் மிஞ்சாது” என்றான் மாப்பிள்ளை. அன்றைக்கு முதல்முறையாக லிஃப்ட்காரரின் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். சட்டை வேண்டுமானால் தன் கடைக்கு வரச் சொன்னாள்.

சம்பந்திக்குக் குரல் பழையபடி திரும்பிவிட்டது. தன் பெட்டியைக் கொண்டுவந்து கல்மேல் கவிழ்த்தார். இறகும் நூலுமாகக் குவியல் குவியலாய் பொய் ஈக்கள். “இதெல்லாத்தையும் நசுக்கணும். பிளையர் இருக்கா?” என்றார். மகளின் கைப்பையிலிருந்து பிளையர் வெளியே வந்தது. டிராயரில் கிடந்த அதே பிளையர்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். லிஃப்ட்காரர் ஒன்றை நசுக்கிக் கொடுத்தார். சம்பந்தி அதைத் தன்னுடைய சட்டைக் கையில் குத்தினார். அது சம்பந்தியம்மா ஆசையாக எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. இழுத்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

“சம்பந்தி, எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாமா?”

லிஃப்ட்காரர் அடுத்த ஈயை எடுத்துக்கொண்டே, “வேணாம் சம்பந்தி, ஒரு தடவை போதும்” என்றார்.